சிங்காரி நலம், அழைத்துச் செல்லவும்

செத்துப்போன பூனைக்கு உடம்பு குணமாகிவிட்டது என்று மாமியார் போன் செய்தபோது சிஸ்டம் சார் வாய் நிறையப் பற்பசை நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. படிக்கிறேன், கேளுங்க. 'தங்கள் அன்புப் பிராணி சிங்காரி பூரண குணமடைந்து நலமாக உள்ளது. வந்து அழைத்துச் செல்லவும்.'"

சிஸ்டம் சார் நுரையை விழுங்கிவிட்டார்.

"அத்தை, அது வந்து... சிங்காரி செத்துப்போய் எத்தனை மாசம் ஆச்சு!"

"எனக்குத் தெரியாதா? உங்க மடியிலதானே உயிர் போச்சு. ஆனா ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருக்கே. டாக்டருங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"மெசேஜ் தப்பா வந்திருக்கும் அத்தை."

"தப்போ ரைட்டோ, வந்து பாத்துடறோம். மாமாவோட காது மிஷினை ரிப்பேருக்குக் குடுக்கணும். அதை முடிச்சுட்டு, வீட்டுக்கு வந்து கூடையை எடுத்துக்கிட்டு, நேரா அங்கதான்."

போனை வைத்துவிட்டார்.

'சிஸ்டம் சார்' என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். நாய், பூனை, முயலுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட நல்லது கெட்டது எல்லாம் அவர் தலையில்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவர்தான் எடுக்க வேண்டும். மொத்தப் புரோகிராமையும் அவர்தான் எழுத வேண்டும். அந்தப் புரோகிராமைப் புதுப்பித்து முந்தின நாள் சாயங்காலம்தான் ஏற்றியிருந்தார். ஒரு குறையும் இல்லை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்தான்.

பூனை பிழைத்தது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அந்தப் பூனை பிழைத்ததுதான் வம்பு. ஏனென்றால், சிங்காரி அந்த ஆஸ்பத்திரியில் சாகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசப்படியைக்கூட அது மிதித்ததில்லை.

நடந்தது இதுதான். மாமியார், மாமனார், மனைவி மூவரும் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சிங்காரியை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இவர் பால்கனியில் நின்றுகொண்டு யாருக்கோ போனில் வெகு வீரமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். சிங்காரி ஒரே தாவு, ஆளைக் காணோம். அன்றைக்கு முழுக்கத் தெருத்தெருவாக "சிங்காரீ, ஏ சிங்காரீ" என்று கூவிக்கொண்டு அலைந்தார். ஒரு சந்தில், "யாரைய்யா கூப்பிடுறே?" என்று ஓர் அம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்த பிறகுதான் வீடு திரும்பினார்.

தொலைத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை. "நல்ல பையன்தான். மிஷினோட பழகிப் பழகி மனசும் மிஷினாப் போச்சு" என்பார். ஆகவே, திடீரென்று காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், டாக்டரம்மா எவ்வளவோ போராடினார், கடைசியில் என் மடியிலேயே போய்விட்டது என்று ஒரு கதையைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகைதான். ஆனாலும் கண்ணீர் நிஜக் கண்ணீர். கதைக்கு ஒரு பலம் வேண்டுமே என்று ஆஸ்பத்திரி டேட்டாபேஸிலும் சிங்காரியை உள்நோயாளியாகச் சேர்த்து, சேர்த்த கையோடு சாகவும் அடித்திருந்தார்.

மாமியார் அன்றைக்கு அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "அழாதீங்க மாப்பிள்ளை" என்று முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அன்றோடு அவருக்கு அந்த வீட்டில் மரியாதை எங்கேயோ உயர்ந்துவிட்டது. பார்ப்பவர்களிடமெல்லாம் மாமியார், "ஒரு பூனைக்காக அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதார் எங்க மாப்பிள்ளை" என்றார். மாமனாருக்கு வைத்த மீனில் நடுத்துண்டு இவர் தட்டுக்கு வந்தது. ஒவ்வொரு துண்டும் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அடக்கம் செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமியார் கேட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவசர அவசரமாக ஒரு மண்மேட்டைக் கட்டி, ஒரு கல்லையும் நட்டுவைத்தார். மாமியார் அதன்மேல் பூ வைத்தார். இவர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அது துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது வெட்கம்.

அந்த வீட்டுக்குப் போவதே சங்கடமாகிவிட்டது. மணியடித்தால் கதவு திறக்கச் சற்று நேரம் ஆகும். உள்ளே போய் உட்கார்ந்தால் பரண்மேல் ஏதோ உருளும்.

"எலி மாப்பிள்ளை. பெரிய எலி."

"ஒரு பூனை வளர்க்கலாமே அத்தை" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"சிங்காரி இருந்த இடத்துல இன்னொண்ணா?" என்றார் மாமியார். அதற்குமேல் அவரால் காப்பிகூடக் குடிக்க முடியவில்லை.

இப்போது மாமியார் போனை வைத்ததும், வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கவுன்ட்டர் அக்கா இரண்டு காதிலும் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், வந்துட்டீங்களா! இங்க செத்ததெல்லாம் குணமாயிடுச்சாம் சார். ஆளாளுக்கு மெசேஜ் போயிருக்கு. கூட்டிட்டுப் போக வரலாமான்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க. சரி பண்ணிடறேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததுமே காரணம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு பிராணியின் பெயர், வயது, வியாதி, வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி டேட்டாபேஸில் போட்டு வைப்பது அவருடைய வழக்கம். வேண்டும்போது மூட்டையை அவிழ்த்தால் பிராணி உள்ளே போட்டபடியே எழுந்து வரவேண்டும். புதிய புரோகிராமில் 'உயிரோடு இருக்கிறதா?' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்திருந்தார். பழைய மூட்டைகளில் அந்தக் கட்டம் இல்லை. இல்லாததைக் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்றா சொல்லும்? வாய்கூசாமல் 'ஆம்' என்று நிரப்பிக்கொண்டது. உள்நோயாளி, உயிரோடு இருக்கிறது, வைத்தியமும் முடிந்துவிட்டது. அப்படியானால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? மெசேஜைத் தட்டிவிட்டது.

"இவ்வளவுதானா!" என்று சிஸ்டம் சார் அந்த 'ஆம்'மை அழித்துவிட்டு 'இல்லை' என்று போட்டார். மூட்டைகளை மறுபடி அவிழ்க்கச் சொன்னார். செத்தவை எல்லாம் ஒழுங்காகச் செத்தன. சிங்காரியும் செத்தது. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

பழைய மூட்டைகளில் உயிரோடு இருக்கும் பிராணிகளும் உண்டு என்பது, கவுன்ட்டர் பக்கம் கூச்சல் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

போய்ப் பார்த்தால் ஒரு பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய்.

"இவன் காலமாயிட்டான்னு ஆழ்ந்த அனுதாபம் அனுப்பியிருக்கீங்க. கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார், எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

நாய் சிஸ்டம் சாரின் கையை நக்கியது.

"மன்னிச்சுடுங்க. சின்ன டெக்னிக்கல் கோளாறு."

"சின்னதா? வீட்டுல அவ அழுதுக்கிட்டிருக்கா. நாயைக் கண்ணெதிர்ல காட்டினாலும் நம்ப மாட்டேங்கறா. ஆஸ்பத்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்கறா."

சிஸ்டம் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதிய புரோகிராமே வேண்டாம், சனியனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று, எடுத்துவைத்திருந்த பழைய நகலிலிருந்து எல்லா மூட்டைகளையும் திரும்பக் கொண்டுவந்தார். கொண்டுவந்த கையோடு போன்கள் மறுபடி அலற ஆரம்பித்தன.

புதிதாக ஒரு பிராணி உருவானால் அதன் வீட்டாருக்கு உடனே வரவேற்பு அனுப்ப வேண்டும் என்று முன்பொரு நாள் அவரே எழுதிவைத்திருந்தார். மூட்டையிலிருந்து எழுந்து வருவதும் கம்ப்யூட்டர் கணக்கில் பிறப்புதான் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. 'புதிய வரவுக்கு வாழ்த்துகள்! எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு!' என்று செத்தது, பிழைத்தது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வாசல்வரை போய்விட்ட பஸ் டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"செத்துட்டான்னீங்க. இப்பப் புதுசா வந்திருக்கான்னு வாழ்த்துறீங்க. எங்க வீட்டுல நாய் ஒண்ணுதான் சார்."

சிஸ்டம் சார் மெசேஜ் அனுப்பும் இணைப்பையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

அப்போதுதான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரைப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். மடியில் ஒரு சின்னக் கழுத்துப்பட்டை.

"நீங்களும் மெசேஜ் பாத்துட்டா வந்தீங்க?"

"ஆமா சார். கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தது."

"உங்க நாய்..."

"போயிடுச்சு சார். நான்தான் குழி வெட்டிப் புதைச்சேன். எனக்குத் தெரியும்." தையல்காரர் கழுத்துப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்சாலும் கால் நிக்கலை. கடையைச் சாத்திட்டு வந்துட்டேன். சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு."

திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மனிதர் ஒன்றுமே செய்யாமல், "உங்களுக்குத்தான் பாவம், இன்னிக்கு நிறைய வேலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சிஸ்டம் சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. என் மாமியாரும் இப்படித்தானே தலைவாரிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு வரப்போகிறார்? இந்தத் தையல்காரருக்காவது குழி வெட்டிய ஞாபகம் உண்டு. மாமியாரை வெறும் மண்மேட்டுக்குப் பூ வைக்கவிட்டேனே! போதும், இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். நடுத்துண்டு போனால் போகட்டும்.

முடிவு செய்து திரும்பினால் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க. இங்க செத்ததையெல்லாம் ஒவ்வொண்ணாக் காட்டுங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன்."

சிஸ்டம் சார் ஒவ்வொன்றாகத் திறந்தார். டாக்டரம்மா ஒவ்வொரு பெயரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். எதுவும் அவருக்கு மறக்கவில்லை. சிங்காரி வந்ததும் தலை நின்றது.

"இது யாரு?"

"பூனை, டாக்டர்."

"அது தெரியுது. 'டாக்டர் எவ்வளவோ போராடியும்'னு போட்டிருக்கு. நான் போராடவே இல்லையே?"

"அது... சோதனைக்காக நானே போட்டது, டாக்டர். பொய்ப் பூனை."

"பொய்ப் பூனைக்கு நிஜ போன் நம்பரா? இது உங்க மாமியார் நம்பர் இல்ல? உங்களைக் கேட்டு இந்த நம்பர்லேர்ந்துதானே கவுன்ட்டருக்கு போன் வரும்?"

சிஸ்டம் சார் திருதிருவென்று விழித்தார். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ கவுன்ட்டர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க மாமியார் வந்திருக்காங்க. உங்க மாமனார் பெரிய கூடையோட நிக்கறார். உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்கறார், கூடையைக் கீழ வைக்கவும் மாட்டேங்கறார்."

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டார். "போங்க. நானும் வர்றேன்."

மாமியார் பட்டுப்புடவை கட்டியிருந்தார். மாமனார் துண்டால் மூடிக் கட்டிய கூடையை மார்போடு அணைத்தபடி நின்றார். காது மிஷினை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டதால் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க மாப்பிள்ளை. அவ எந்த ரூம்ல இருக்கா?"

"அத்தை, அதைப் பத்தித்தான்..."

"நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க? வழியைக் காட்டுங்க. நானும் மாமாவும் மட்டும் உள்ள போறோம். கூடையோட போய், கையோட தூக்கிட்டு வந்துடறோம். நீங்க இங்கேயே இருங்க."

"உள்ள போகக்கூடாது அத்தை! தொற்று! பயங்கரமான தொற்று!"

மாமியார் முகம் வாடியது. கூடையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இத்தனை மாசமா இது என் மனசுல ஒரு பாரம். இன்னிக்கு எப்படியாவது சிங்காரியோட வெளிய வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. கொஞ்சம் உள்ள விடுங்களேன்."

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வார்டு அண்ணன், யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு வெள்ளைப் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். சிங்காரிக்கும் வெள்ளை உடம்புதான். சிஸ்டம் சாருக்கு என்ன ஆயிற்றோ, பாய்ந்துபோய் அந்தப் பூனையைப் பறித்தார்.

"சார், அது யாரோ வாசல்ல போட்டுட்டுப் போனது" என்றார் வார்டு அண்ணன்.

"சும்மா இருங்க."

"சார், அது கடுவன் பூனை சார்."

"சும்மா இருங்கன்னேன்ல!"

பூனையை மாமியாரிடம் நீட்டினார். "இதோ அத்தை. உங்க சிங்காரி."

மாமியார் பூனையைப் பார்த்தார். அதன் பெரிய தலையையும் பாதி கிழிந்த காதையும் பார்த்தார். அதை நீட்டிக்கொண்டிருந்த மருமகனின் வேர்த்த முகத்தைப் பார்த்தார். பல் தேய்த்த நுரை இன்னும் மோவாயில் காய்ந்திருந்தது.

"சிங்காரியேதான்" என்றார் மாமியார், மெதுவாக. பூனையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் ஆள் மாறிட்டா. ஆஸ்பத்திரிச் சாப்பாடு இல்லையா?"

சிஸ்டம் சாருக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. ஆசை ஆசையாய் வளர்த்த பூனைக்கும் தெருக் கடுவனுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நம்பிக்கை. இப்படி ஒரு வெள்ளை மனசையா ஏமாற்றினோம் என்று கண் கலங்கியது. இந்தமுறை பயத்தில் வந்த கண்ணீர் இல்லை.

"அழாதீங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார், அன்றைக்குச் சொன்ன அதே குரலில். "வாங்க, போகலாம்" என்று மாமனாரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மாமனார் நகரவில்லை. மனைவியின் இடுப்பில் இருந்த பூனையையும் தன் கையிலிருந்த கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். கூடை ஒருமுறை அசைந்தது. காது கேட்காதவர்கள் ரகசியம் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி ஆஸ்பத்திரி முழுக்க எதிரொலிக்க மனைவியின் காதருகே குனிந்து கேட்டார்:

"அதுதான் சிங்காரின்னா, ஓடிப்போய், நாம கல்யாணத்துலேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள நம்ம வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருந்துச்சே, மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு அவர் வர்றப்பல்லாம் நீ பரண்ல ஏத்தி ஒளிச்சு வைப்பியே, இந்தக் கூடைக்குள்ள இருக்கே, இது யாரு?"